குறியீடு யார் கையில் இருக்கிறது?

பெங்களூரில் தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் தமிழர்கள் நாங்கள் சிலர் கூடினால், ஒரு நிறுவனத்தின் வலையமைப்பை இணையத் தரநிலைகள் எந்தப் பெயரால் சுட்ட வேண்டும் என்ற வாதம் எப்படியாவது வந்துவிடுகிறது. வட அமெரிக்க நிறுவனங்களுக்கு வேலை செய்து பழகியவர்கள் தொலைபேசி நிலையங்களையும் அங்குள்ள கருவிகளையும் இடத்தோடு சுட்டும் சி.எல்.எல்.ஐ. குறியீட்டுக்குக் கொடி பிடிப்பார்கள். அதன் 11 எழுத்துகளில் முதல் நான்கு ஊரையும், அடுத்த இரண்டு மாநிலத்தையும், பின்னிரண்டு கட்டடத்தையும், கடைசி மூன்று உள்ளிருக்கும் கருவியையும் குறிக்கின்றன. பார்த்தவுடன் இடம் விளங்கும் என்ற அதன் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் பெல்கோர், டெல்கார்டியா என்று கைமாறி இன்று ஐகனெக்டிவ் என்ற தனியார் நிறுவனம் பராமரிக்கும் அந்தப் பட்டியலைப் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும். அதைக் கட்டாயமாக்கும் தரநிலையின் ஆவணம் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தாலும், வந்த பெயர் சரியா என்று சோதிக்கும் வசதி பணம் கட்டியவருக்கு மட்டுமே இருக்கும். கட்டற்ற மென்பொருள் எழுதும் மாணவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

எம்.பி.எல்.எஸ்.-டி.பி. எனும் தரவுக் கடத்தல் நுட்பத்தின் அடையாளங்களுக்காக 2011இல் வந்த ஆர்.எஃப்.சி. 6370 என்ற இணையத் தரநிலை ஆவணம் எடுத்த முடிவு எனக்குப் பிடித்தது. இணையத்தில் ஒரு நிறுவனத்தின் வலையமைப்பைச் சுட்டும் ஏ.எஸ். எண்ணிலிருந்தே நான்கு பைட் உலகளாவிய அடையாளத்தை அது உருவாக்குகிறது. நம் நாட்டில் ஐரின் என்ற இணையப் பதிவேட்டு அமைப்பு வழங்கும் அந்த எண் யாருடையது என்பதை எவரும் ஹூஇஸ் என்ற பொதுத் தேடல் சேவை மூலம் பார்த்துக்கொள்ளலாம். எண் இல்லாதவர்கள் பூஜ்யம் இட்டுக்கொள்ளலாம் என்றாலும், அது ஒரே நிறுவனத்தின் எல்லைக்குள்தான் செல்லுபடியாகும். இரண்டு நிறுவனங்கள் சந்திக்கும் இணைப்பில் செல்லாது.

பழைய தொலைபேசி மரபில் வந்தவர்களுக்காக 2013இல் ஆர்.எஃப்.சி. 6923 தொலைத்தொடர்பு நிறுவனங்களைச் சுட்டும் ஐ.சி.சி. குறியீட்டையும் ஏற்றது. அதிகபட்சம் ஆறு எழுத்தோ இலக்கமோ கொண்ட அது தனியாக நின்றால் உலக அளவில் குழம்பக்கூடும் என்பதால், இரண்டெழுத்து நாட்டுக் குறியீட்டை முன்னால் சேர்த்தார்கள். இதையும் சி.எல்.எல்.ஐ.யையும் ஒரே தட்டில் வைத்து ‘தனியார் குறியீடு’ என்று சிலர் ஒதுக்குவது எனக்கு ஒப்பில்லை, ஐ.சி.சி. பட்டியலை ஐ.டி.யு. என்ற பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பொதுவில் வெளியிடுகிறது. கைபேசி உலகிலும் இதே வழிதான். கைபேசி வலையமைப்புகளில் இந்தியாவைக் குறிக்கும் 404, 405 என்ற நாட்டு எண்களும் நிறுவன எண்களும், கைபேசித் தரநிலைகளை எழுதும் 3ஜி.பி.பி. அமைப்பு வகுத்த டொமைன் பெயர்களுக்குள் அப்படியே உட்காருகின்றன. இரண்டிலக்க நிறுவன எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து மூன்றிலக்கமாக்க வேண்டும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுவதுண்டு.

ஆகவே சி.எல்.எல்.ஐ.யைத் தரநிலையிலிருந்து துரத்த வேண்டும் என்பது என் வாதமன்று. விரும்பும் நிறுவனம் அதை வெறும் எழுத்துச் சரமாக விளக்கப் புலத்தில் அனுப்பட்டும். பெறும் கருவி அதைத் திரையில் காட்டட்டும். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் காணும் ஒப்பீடு மட்டும் பொதுப் பதிவேட்டில் உள்ள எண்ணின் மீதே நடக்க வேண்டும்.