பழைய வீட்டுக்கு ஒரு புது போர்டு

நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருக்கும் ஊரில் ஒரு ஹிஸ்டாரிக் பிரிசர்வேஷன் கமிஷன், அதாவது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் குழு, இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட வீடு என்றால், வாசலில் போர்டு மாட்டுவதற்குக்கூட அங்கே விண்ணப்பிக்க வேண்டும். மாநிலச் சட்டப்படி கமிஷனில் 5, 7 அல்லது 9 பேர். கட்டடக் கலை தெரிந்தவர்களும் உள்ளூர் வரலாறு அறிந்தவர்களும் கட்டாயம் இருக்க வேண்டும். மற்றவர்கள் என்னைப் போன்ற ஊர்க்காரர்கள்.

நான் சேர்ந்ததும் கைக்கு வந்த முதல் விண்ணப்பமே ஒரு போர்டுதான். 19ஆம் நூற்றாண்டில் கட்டிய இரண்டு மாடிச் செங்கல் வீடு. வக்கீல் தம்பதி ஒருவர் அலுவலகத்துக்காக வாங்கியிருந்தார்கள். வாசல் கதவுக்கு மேலே 8 அடி நீளத்துக்கு, உள்ளே விளக்கு எரியும் பிளாஸ்டிக் பெட்டி போர்டு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வரைபடத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. கதவின் தலையில் விசிறி மாதிரி விரிந்திருக்கும் அரைவட்டக் கண்ணாடியில் பாதியை அந்தப் பெட்டி மூடிவிடும்.

"அசிங்கமா இருக்கு, வேண்டாம்னு எழுதிடலாமா?" என்று கேட்டேன். பல வருடமாக கமிஷனில் இருக்கும் ஓர் அம்மா, அது காரணமே ஆகாது என்று சொல்லிவிட்டார். எந்த விதிக்கு எது பொருந்தவில்லை என்று காட்ட வேண்டும். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க அமெரிக்க உள்துறையின் 10 நெறிகள் இருக்கின்றன. எங்களுக்கு வேண்டியவை கடைசி இரண்டு. புதிதாகச் சேர்ப்பது பழைய அம்சங்களை அழிக்கக் கூடாது, அளவிலும் பொருளிலும் வீட்டோடு ஒத்துப்போக வேண்டும் என்பது ஒன்பதாவது. பிற்பாடு அதைக் கழற்றினால் வீடு பழையபடியே இருக்க வேண்டும் என்பது பத்தாவது.

போர்டில் வாசகங்கள் வேறு அதிகம். அதில் இரண்டு வரியை எடுத்துவிடச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஊராட்சியின் வழக்கறிஞர் தடுத்தார். ரீட் எதிர் கில்பர்ட் வழக்கில் 2015ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, போர்டு என்ன சொல்கிறது என்பதை வைத்து விதி போட்டால் கோர்ட்டில் நிற்பது மிகக் கடினம். அளவு, இடம், பொருள், வெளிச்சம், இவற்றைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்றார். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. அடுத்தவர் சொல்லைத் திருத்த நாங்கள் யார்?

அப்புறம் வீட்டைப் பார்க்கப் போனோம், இரண்டிரண்டு பேராக. பெரும்பான்மை உறுப்பினர்கள் ஒரே இடத்தில் கூடிப் பேசினால் அது பொதுக் கூட்டம். முன்னறிவிப்பு தர வேண்டும்.

கதவுப் பக்கம் முன்பு யாரோ எதையோ மாட்டிக் கழற்றிய இடம் இருந்தது. ஆணி செங்கல்லிலேயே இறங்கியிருந்தது. துருக் கறை கீழே வழிந்திருக்க, ஓட்டையைச் சுற்றிச் செங்கல்லின் முகமே உதிர்ந்து போயிருந்தது. ஓட்டையை சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது. அதைவிட இறுகிய சிமெண்ட் வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் வழியாகப் போகும். பனிக்காலத்தில் அது உறைந்து செங்கல்லை உடைக்கும். பக்கத்தில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே இடுக்கிலிருந்த சுண்ணாம்புக் காரையை நகத்தால் லேசாகக் கீறினேன். மாவாக வந்தது. ஸ்க்ரூ போட வேண்டுமானால் அந்த இடுக்கில்தான் போட வேண்டும். காரை போனால் திரும்பப் பூசலாம், செங்கல் போனால் போனதுதான்.

விண்ணப்பித்த அம்மா பழுப்புக் காகிதத்தில் முழு அளவில் போர்டை வெட்டி வைத்திருந்தார். அதைக் கதவுக்கு மேலே பிடிக்கச் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தோம். அவரே தெருவைக் கடந்து வந்து பார்த்துவிட்டு, "கதவே காணாமப் போச்சே" என்றார். எங்கள் வாதத்தையெல்லாம்விட அந்தக் காகிதம்தான் அவரை மாற்றியது. யார் போர்டு வைப்பதானாலும் முதலில் இதைச் செய்து பார்க்கச் சொல்வேன்.

அடுத்த கூட்டத்துக்குப் புது வரைபடத்தோடு வந்தார்கள். புல்தரையில் இரண்டு மரக்கால்களுக்கு நடுவே மரப் பலகை, அதன்மேல் விழும்படி வெளியிலிருந்து ஒரு சிறு விளக்கு. கதவருகே கையகலத்தில் ஒரு பெயர்த்தகடு, நான்கு ஸ்க்ரூவும் காரை இடுக்கில். கால்கள் கொஞ்சம் உயரம் என்றுதான் எனக்கு இன்னமும் தோன்றுகிறது. ஆனாலும் ஆதரித்தே வாக்களித்தேன்.

ஒரு நிபந்தனை சேர்த்தோம்: அந்தப் பழைய சிமெண்டைப் பக்குவமாக எடுத்துவிட்டு சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். உறைபனியில் சுண்ணாம்பு பிடிக்காது. போர்டு வந்துவிட்டது, கொத்தனார் மட்டும் குளிர் விடுவதற்காகக் காத்திருக்கிறார்.