சனிக்கிழமைப் பிள்ளைகள்: திருகோணமலை நாட்குறிப்பு

2025 மே 3, சனி

நான் நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்கு இந்த ஆண்டுக்கான பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தரம் 7, தரம் 8 மாணவிகள் பதினான்கு பேர். உப்புவெளி, பாலையூற்று, திருக்கடலூர், ஜமாலியா, உவர்மலை என்று நகரின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். பெயர்களை இங்கே எழுதமாட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பெயரை இணையத்தில் போட எனக்கு உரிமையில்லை. இடத்தின் பெயரைச் சொல்லியே குறிப்பிடுகிறேன்.

உவர்மலைப் பிள்ளை கடந்த ஆண்டு தமிழ்த்தினப் போட்டியில் பேச்சுக்கு வலய மட்டத்தில் முதலிடம் பெற்றவள். மற்றவர்கள் கேட்டதும் எழுந்து நின்று, அந்தப் பேச்சை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். கை எங்கே உயரவேண்டும், குரல் எங்கே தாழவேண்டும் என்பதெல்லாம் அச்சுப் பிசகாமல் வந்தது. எல்லோரும் கைதட்டினோம். “இந்தச் சனிக்கிழமைகளில் நாம் என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்?” என்று கேட்டேன். நிலத்தைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பிறகு வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, “நீங்கள் சொல்லுங்கள் அக்கா” என்றாள்.

இதைக் கூச்சம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. மண்டபம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் கூசாத பிள்ளைக்கு என் ஒருத்தி முன்னால் என்ன கூச்சம்? அந்தப் பேச்சை அப்பா எழுதியிருப்பார், ஆசிரியர் திருத்தியிருப்பார், அம்மா நாளுக்கு நாள் ஒப்பிக்கவைத்திருப்பார். தானாக ஒன்றை நினைத்து, அதை வெளியே சொல்லி, சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் மட்டும் அவளுக்கு வாய்க்கவில்லை. நம்முடைய பிள்ளைகளில் பலருக்கு இதே நிலைதான். பழக்கம் என்றால் பழக்கிவிடலாம் என்ற துணிவில்தான் இந்த வேலையைச் செய்கிறேன்.

ஆகவே மண்டபத்தின் திறப்பு, வரவுப் பதிவு, தேநீர்ச் செலவுக் கணக்கு மூன்றும் இன்றிலிருந்து அவர்கள் கையில். மாதத்துக்கு ஒருமுறை கை மாறும். திறப்பை வாங்கிய பாலையூற்றுப் பிள்ளை, வீட்டுக்குப் புறப்படும்வரை பைக்குள் கையைவிட்டு அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மே 6, செவ்வாய்

உள்ளூராட்சித் தேர்தல். காலையிலேயே போய் வாக்களித்துவிட்டேன்.

சனிக்கிழமை புறப்படும்போது ஜமாலியாப் பிள்ளை, “சுவரொட்டிகளில் பெண்களின் படம் ஏன் எப்போதும் ஓரத்தில் இருக்கிறது?” என்று கேட்டாள். வாசலில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல. அடுத்த சனிக்கிழமைக்காக இன்று மாலை உட்கார்ந்து எழுதிவைத்தேன்.

இந்த நாட்டில் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதே 21 வயதுப் பெண்களுக்கும் வாக்கு கிடைத்துவிட்டது. அடுத்த ஆண்டே, 1932இல், கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவானார். இலங்கையில் அப்படித் தெரிவான முதல் தமிழ்ப் பெண் அவர். 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானார். இவ்வளவும் நடந்த நாட்டில், உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு இரண்டு பெண்களைக் காண்பதே அரிதாக இருந்தது. 25 வீத ஒதுக்கீட்டைச் சட்டமாக்கி, 2018 தேர்தலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறியது.

மே 10, சனி

சொன்னேன். கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். எழுதாமல் யோசித்துக்கொண்டிருந்த உப்புவெளிப் பிள்ளை கையை உயர்த்தினாள்: “1932க்கும் 2018க்கும் இடையில் என்ன நடந்தது?”

நான் பதில் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் மூத்த பெண்களிடம் கேட்டுவரச் சொன்னேன்.

மே 17, சனி

கேட்டு வந்திருக்கிறார்கள். ஒருத்தியின் அம்மம்மா, யாருக்குப் புள்ளடி போடவேண்டும் என்று அம்மப்பா வீட்டிலேயே சொல்லி அனுப்புவார் என்றாராம். இன்னொருத்தியின் உம்மம்மாவைத் தேர்தலில் நிறுத்துவதற்குப் பெயரைக் கேட்டார்கள். இறங்க வேண்டாம் என்று தம்பிமார் தடுத்துவிட்டார்கள். மூன்றாமவளின் பாட்டி, “இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எந்தச் சபை, எந்தத் தேர்தல்?” என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். அந்தப் பதில் வந்ததும் கொஞ்சநேரம் ஒருவரும் பேசவில்லை. இந்த மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரியாத வீடு இல்லை.

உவர்மலைப் பிள்ளை தன் அப்பம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்திருந்தாள். வாசிக்கும்போது கை அசையவில்லை, குரல் ஏறி இறங்கவில்லை. இடையிடையே தடுமாறினாள். அவளுடைய மேடைப் பேச்சைவிட எனக்கு இது பிடித்திருந்தது. அவளிடமும் சொன்னேன்.

மே 24, சனி

வலைப்பந்தாட்டம். மைதானம் கிடைத்தது, கச்சான் காற்றும் சேர்ந்து கிடைத்தது. வளையத்தை நோக்கிப் போட்ட பந்தெல்லாம் கடற்பக்கம் போனது.

பாலையூற்றுப் பிள்ளை வகுப்பிலேயே உயரமானவள். உயரத்தைக் குறைத்துக்காட்ட முதுகை வளைத்தே நடந்து பழகிவிட்டாள். நிழலில் உட்கார்ந்திருந்தபோது தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றிச் சொன்னேன்: யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், உயரம் 208 சென்றிமீற்றர். இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர். 2018இலும் 2022இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணிகளில் ஆடியவர். வளையம் இருப்பது 305 சென்றிமீற்றர் உயரத்தில். பாலையூற்றுப் பிள்ளை 305இலிருந்து 208ஐக் கழித்து, “97தான்!” என்றாள். பிறகு தன் உயரத்தையும் கழித்துப் பார்த்தாள். விடையை எங்களுக்குச் சொல்லவில்லை.

ஆட்டத்தில் நான் கவனித்தது வேறு. கையில் பந்து வந்தால் மூன்று விநாடிக்குள் இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. நல்ல இடத்தில் தனியாக நிற்கும் பிள்ளைகள், “இங்கே!” என்று கூப்பிடுவதே இல்லை. கண்ணால் மட்டும் கெஞ்சுகிறார்கள். ஆட்டத்தை நிறுத்தி, கூப்பிடாதவளுக்குப் பந்து கொடுக்கக்கூடாது என்று ஒரு விதியை நாங்களே சேர்த்துக்கொண்டோம். கால் மணி நேரத்துக்குள் மைதானம் இரைச்சலாகிவிட்டது. வேலிக்கு அப்பால் போன ஒரு பெரியவர், “பெண்பிள்ளைகளுக்கு இவ்வளவு சத்தம் எதற்கு?” என்றார். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். “ஆடுங்கள்” என்றேன்.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். வகுப்பு இல்லை. ஜமாலியாவிலிருந்து வட்டிலப்பம் வந்து சேர்ந்தது.

ஜூன் 14, சனி

திருக்கடலூர்ப் பிள்ளை சில கிழமைகளாக வரவில்லை. பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியச் சடங்கும் முடிந்துவிட்டது என்று மற்றவர்கள் சொன்னார்கள். பாடசாலைக்குப் போகிறாளாம். எங்களிடம் மட்டும் வரவில்லை.

மாலையில் வீட்டுக்குப் போனேன். அப்பா கடலுக்குப் போயிருந்தார். அம்மா தேநீர் தந்தார். பிள்ளை உள்ளே கதவோரத்தில் நின்றாள். சிரித்தாள், வெளியே வரவில்லை. சடங்குப் படங்கள் சுவரில் தொங்கின. பட்டுச்சேலையும் அலங்காரமுமாக, படத்தில் இருபது வயதுப் பெண்ணாகத் தெரிகிறாள்.

பெண்பிள்ளைகளை அடைத்துவைக்கும் அம்மாக்களைப் பற்றி மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். இந்த அம்மா சொன்னதை அந்த மேடைகளில் யாரும் சொன்னதில்லை.

“நான் பிள்ளையைப் பூட்டிவைக்கவில்லை தங்கச்சி. உங்கள் வகுப்பு முடிய ஆறு மணி. பஸ்ஸில் வந்து இறங்கும்போது இருட்டிவிடும். அந்த ஒழுங்கையில் ஒரு விளக்கு எரிவதில்லை. முடக்கில் குடித்துவிட்டு நிற்கிறார்கள். இவர் கடலுக்குப் போனால் கூட்டிவர வீட்டில் ஆள் இல்லை. ஒன்று நடந்துவிட்டால் ஊர் யாரைக் கேட்கும்? பிள்ளையைத்தானே?”

என்னிடம் மறுபேச்சு இல்லை. எல்லாம் உண்மை. அவர் அஞ்சும் ஒழுங்கை அப்படியே இருக்க, அவருடைய பிள்ளைக்கு நான் துணிவைப் பற்றி வகுப்பெடுப்பதில் என்ன நியாயம்? ஏழாம், எட்டாம் தரங்களில் எத்தனையோ பெண்பிள்ளைகள் இப்படித்தான் ஒவ்வொன்றாக விட்டு விலகுகிறார்கள். முதலில் விளையாட்டு, பிறகு சாரணியம், பிறகு மாலை வகுப்பு. அந்தப் பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று பாடசாலையில் எழுதிக்கொள்கிறார்கள்.

அந்த அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அவர் சொன்னதைப் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லப்போகிறேன்.

ஜூன் 21, சனி

சொன்னேன். “அப்படியானால் விளக்கைப் போடவைப்போம்” என்றாள் கணக்கு எழுதும் பிள்ளை. இவ்வளவுதானே என்பதுபோல் சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் பேசியது குறைவு. தெருவிளக்குகளைப் பராமரிப்பது உள்ளூராட்சி சபையின் பொறுப்பு என்பதைப் பாடப்புத்தகத்திலிருந்து அவர்களே எடுத்தார்கள். எத்தனை கம்பங்கள், எதில் விளக்கு இல்லை, எதில் விளக்கு இருந்தும் எரியவில்லை என்று தெரியாமல் கடிதம் எழுதிப் பயனில்லை என்றாள் உப்புவெளிப் பிள்ளை. மாலையில் இரண்டு அம்மாக்கள் துணைக்கு வர, பஸ் நிற்கும் இடத்திலிருந்து கடற்கரைவரை நடந்தோம். திருக்கடலூர்ப் பிள்ளை வீட்டு வாசலில் காத்திருந்தாள். அம்மாவும் கூட வந்ததால் அவளுக்குத் தடையில்லை. ஒழுங்கையின் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவள் என்பதால் அவளே முன்னால் நடந்தாள். முடக்கில் நின்றவர்கள் இத்தனை பேரைக் கண்டதும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

கம்பங்கள் 19. எரியாதவை 11. வரைபடத்தில் கம்பங்களைக் கடைப்பெயராலும் வீட்டு மதிலின் நிறத்தாலும் குறித்திருக்கிறார்கள்.

கடிதத்தில் “தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்” என்று போடுவதா என்பதில் பெரிய வாக்குவாதம். ஒரு பக்கம், மரியாதை வேண்டும். மறுபக்கம், நம் வரிப்பணத்தில் போடும் விளக்குக்கு எதற்குத் தாழ்மை? கடைசியில் “கேட்டுக்கொள்கிறோம்” நின்றது, “தாழ்மை” போனது.

ஜூலை 2, புதன்

பாடசாலை விட்டதும் மூன்று பிள்ளைகளுடன் கடிதத்தைக் கொடுக்க உள்ளூராட்சி சபை அலுவலகத்துக்குப் போனேன். யார் போவது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். பேசத் தெரிந்த உவர்மலைப் பிள்ளையை அனுப்புவார்கள் என்று எண்ணியிருந்தேன். “அங்கே வசிப்பவள் சொல்லட்டும்” என்று திருக்கடலூர்ப் பிள்ளையைத் தெரிவுசெய்தவள் அதே உவர்மலைப் பிள்ளைதான்.

உத்தியோகத்தர் கடிதத்தை வாங்கி, என்னைப் பார்த்து, “என்ன விசயம் மிஸ்?” என்றார். நான் பிள்ளையைப் பார்த்தேன். அவர் மறுபடியும் என்னிடம் கேட்டார். நான் மறுபடியும் பிள்ளையைப் பார்த்தேன். அந்த இடைவெளி எனக்கே நீளமாகத்தான் இருந்தது. நிரப்பிவிட நாக்கு துடித்தது. நிரப்பவில்லை.

பிள்ளை தொடங்கினாள். முதல் வாக்கியம் தொண்டையிலேயே நின்றது. இரண்டாவது வெளியே வந்தது. வாயைக் கையால் மறைக்கவில்லை. இரண்டு கையிலும் வரைபடத்தை விரித்துப் பிடித்திருந்தாள்.

“இதை யார் எழுதித் தந்தது?” என்று கேட்டார்.

“நாங்கள்தான் எழுதினோம். எரியாத கம்பங்கள் சிவப்பில் இருக்கின்றன. எங்களுக்குப் பதில் எப்போது வரும்?”

கடைசிக் கேள்வி ஒத்திகையில் இல்லாதது. அவர் திகதி முத்திரை குத்தி ஒரு பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். பிரதி வாங்காமல் வரக்கூடாது என்பது மட்டும்தான் நான் சொல்லிக்கொடுத்த பாடம்.

ஜூலை 12, சனி

இன்று உதவி கேட்டு அழைக்கும் தொலைபேசி இலக்கங்கள். சிறுவருக்கு 1929, பெண்களுக்கு 1938. பார்க்காமல் சொல்லும்வரை விடவில்லை. யார் தொட்டால், யார் மிரட்டினால், யாரிடம் எப்படிச் சொல்வது என்றும் பேசினோம். அங்கே பேசியவை அங்கேயே இருக்கும்.

ஜூலை 26, சனி

விளக்குகள் ஐந்து எரிகின்றன. மற்ற ஆறுக்கும் நிதி ஒதுக்கீடு வரவேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. பாலையூற்றுப் பிள்ளை அந்தக் கடிதத்தை முத்திரைப் பிரதியோடு சேர்த்துக் கோவையில் போட்டு, அடுத்த நினைவூட்டல் அனுப்பவேண்டிய திகதியை மேலே எழுதினாள்.

ஐந்து விளக்கு போதாது என்று திருக்கடலூர் அம்மா இன்னும் சொல்கிறார். பொழுதோடு வீடு திரும்பினால் அனுப்புகிறாராம். ஆகவே நேரத்தை மாற்றுவது பற்றி இன்று வாக்கெடுப்பு. காலையில் வைத்துக்கொள்வதே நல்லது என்று என் காரணங்களைச் சொன்னேன்: வெயில் ஏறாது, மைதானம் கிடைக்கும். காலையில் தனியார் வகுப்பு இருக்கும் பிள்ளைகள் நான்கு பேர் வரமுடியாது, ஒருத்திக்காக நால்வரை விடுவதும் பிழைதான் என்று ஜமாலியாப் பிள்ளை எதிர்த்தாள். இரண்டு மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடிப்போம், வெயில் குறையும்வரை உள்ளே வேலை செய்வோம் என்பது அவளுடைய யோசனை. காலைக்கு மூன்று வாக்கு, இரண்டு மணிக்கு பதினொன்று. என் காரணங்கள் சரியென்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனாலும் அடுத்த சனிக்கிழமையிலிருந்து இரண்டு மணி. திறப்பு இனி திருக்கடலூர்ப் பிள்ளையிடம். ஒன்றே முக்காலுக்கே மண்டபத்தைத் திறந்துவைக்கவேண்டும்.