புரோக்கரேஜ் மாறலாமா? ஸ்ப்ளிட்டைப் பார்க்காதீர்கள், கையில் நிற்பதைப் பாருங்கள்

டெக்சாஸில் வீடு வாங்கி விற்றுத் தரும் ஏஜென்ட் ஒருவர் கம்பெனி (புரோக்கரேஜ்) மாற யோசிக்கிறார் என்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி "அங்கே ஸ்ப்ளிட் எவ்வளவு?" என்பதுதான். ஸ்ப்ளிட் என்றால் கமிஷனை ஏஜென்ட்டும் கம்பெனியும் பிரித்துக்கொள்ளும் விகிதம். 70/30-ல் (ஏஜென்ட்டுக்கு 70, கம்பெனிக்கு 30) இருப்பவருக்கு 90/10, 100 சதவீதம் என்றெல்லாம் காதில் விழும்போது இத்தனை நாள் ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றும். ஆனால் கம்பெனிக்குப் போகும் பணத்தில் ஸ்ப்ளிட் ஒரு பகுதி மட்டுமே. மீதி மாதக் கட்டணமாகவும், ஒவ்வொரு குளோசிங்குக்கும் (விற்பனை முடிந்து வீடு கைமாறுவது) பிடிக்கும் கட்டணமாகவும், இன்ஷூரன்ஸாகவும், ஃப்ரான்சைஸ் ராயல்டியாகவும் (பிராண்டு பெயருக்குக் கட்டும் பங்கு) போகிறது. அவை எல்லாம் போக உங்கள் கையில் நிற்பது எவ்வளவு என்று பார்க்காமல் எடுக்கும் முடிவு பாதிக்குப் பாதி தப்பாகத்தான் போகும்.

கடைசி 12 மாதத்தில் முடித்த குளோசிங் எல்லாவற்றையும் ஒரு எக்செல் ஷீட்டில் போடுங்கள். வீட்டின் விலை, உங்கள் பக்கத்துக்கு வந்த மொத்தக் கமிஷன், அதில் கம்பெனி எடுத்தது, அந்தக் கஸ்டமர் உங்களிடம் எப்படி வந்தார். இந்த நாலு நெடுவரிசை போதும். அடுத்த வருடம் 20 வீடு விற்பேன் என்ற நம்பிக்கையை அதில் சேர்க்க வேண்டாம். நடந்ததை வைத்துத்தான் கணக்கு.

உதாரணத்துக்கு, ஒருவர் வருடத்தில் 10 வீடு முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி விலை 3,50,000 டாலர், அவர் பக்கத்துக்கு 2.5 சதவீதம். ஒரு வீட்டுக்கு 8,750. வருடத்துக்கு 87,500 டாலர். மூன்று விதமான கம்பெனிகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது 70/30, வேறு கட்டணம் கிடையாது. கம்பெனிக்கு 26,250 போகும். இரண்டாவது 80/20, 16,000 டாலர் கேப் (ஒரு வருடத்தில் ஸ்ப்ளிட்டாகக் கம்பெனி எடுக்கக்கூடிய உச்சத் தொகை), மாதம் 85 டாலர், ஒரு குளோசிங்குக்கு 50 டாலர். 20 சதவீதம் என்றால் 17,500 வர வேண்டும், கேப் 16,000-லேயே நிறுத்திவிடும். எல்லாம் சேர்த்து 17,520. மூன்றாவது "100 சதவீதக்" கம்பெனி: மாதம் 500 டாலர் டெஸ்க் ஃபீ, குளோசிங்குக்கு 395, வருட இன்ஷூரன்ஸ் 600. மொத்தம் 10,550. பத்து வீடு விற்பவருக்கு மூன்றாவதுதான் லாபம், சந்தேகமே இல்லை.

இதே கணக்கை மூன்று வீடு விற்பவருக்குப் போட்டுப் பாருங்கள். முதல் கம்பெனிக்கு 7,875, இரண்டாவதற்கு 6,420, மூன்றாவதற்கு 7,785. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் 90 டாலர்தான். இரண்டே வீடு என்றால் 100 சதவீதக் கம்பெனி முதலாவதைவிட 2,140 டாலர் கூடுதலாகப் பிடுங்கிவிடும். வேலைக்குப் போய்க்கொண்டே பகுதி நேரமாக ஏஜென்ட் தொழில் பார்ப்பவர்கள் டெஸ்க் ஃபீ இருக்கும் இடத்துக்குப் போகும் முன் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட வேண்டும். வீடு விற்காத மாதத்திலும் அந்த 500 டாலர் போய்க்கொண்டே இருக்கும்.

நிஜக் கம்பெனிகளும் இந்த அச்சுகளில்தான் வார்க்கப்பட்டவை. டெஸ்க் ஃபீயும் உயர்ந்த ஸ்ப்ளிட்டும் சேர்ந்த முறையை நாடு முழுக்கப் பரப்பியது ரீமாக்ஸ். கெல்லர் வில்லியம்ஸில் ஆபீஸ் எடுக்கும் பங்கு போக 6 சதவீதம் ராயல்டி உண்டு, அது வருடத்துக்கு 3,000 டாலருடன் நின்றுவிடும். ஆபீஸ் கேப் ஊருக்கு ஊர் மாறும். 80/20-ம் 16,000 டாலர் கேப்பும் இஎக்ஸ்பி மூலம் பலருக்கும் தெரிந்த அமைப்பு. ஆகவே யாராவது கேப் எவ்வளவு என்று சொன்னால், ராயல்டி அதற்குள் அடக்கமா, வெளியேயா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். கேப் அடித்த பிறகும் குளோசிங்குக்கு என்ன பிடிப்பார்கள் என்பது அதற்கடுத்த கேள்வி.

இப்போது அந்த ஷீட்டின் நாலாவது நெடுவரிசைக்கு, அதாவது கஸ்டமர் எப்படி வந்தார் என்பதற்கு வருகிறேன். பத்து வீட்டில் நாலு வீட்டுக் கஸ்டமர் கம்பெனி கொடுத்த லீட் (கம்பெனி பிடித்துத் தந்த தொடர்பு) என்றால், மாறியதும் அந்த நாலும் போய்விடும். 100 சதவீதக் கம்பெனியில் ஆறு வீட்டுக்கு 52,500 வரும், கட்டணம் 8,970 போகும், மிச்சம் 43,530. 70/30 இருந்த பழைய இடத்தில் பத்து வீட்டுக்குக் கையில் நின்றது 61,250. கம்பெனி லீடுக்கு 50/50 என்று பிடித்திருந்தால்கூட 54,250 நின்றிருக்கும். ஸ்ப்ளிட் ஏறியது, வருமானம் பத்தாயிரத்துக்கு மேல் இறங்கியது. நாலு வீட்டு உழைப்பு மிச்சமாவது உண்மைதான். அந்த நேரத்தில் சொந்தமாக லீட் பிடிக்க முடியும் என்றால் போகலாம். அதற்கு ஆகும் விளம்பரச் செலவையும் கணக்கில் எழுதிவிட்டுப் போங்கள்.

ஆள் சேர்ப்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரெவின்யூ ஷேர் தரும் கம்பெனிகளில் உங்களைச் சேர்த்துவிடுபவருக்கு, நீங்கள் கம்பெனிக்குக் கட்டும் பங்கிலிருந்து ஒரு தொகை போகும். அது சட்டப்படி சரியானதுதான். ஆனால் காபி வாங்கிக் கொடுத்து "வாங்க, நம்ம டீமுக்கு வாங்க" என்று கூப்பிடும் நண்பரிடம், "நான் சேர்ந்தா உங்களுக்கு என்ன வரும்?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். நல்லவராக இருந்தால் தயங்காமல் சொல்வார். உங்களைச் சேர்த்துவிட்ட ஸ்பான்சர் என்று ஒருவர் பெயரைச் சேரும்போது எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. அதனால் நாளைக்குப் போன் எடுத்துச் சொல்லித்தரக்கூடியவர் பெயரைத்தான் எழுத வேண்டும்.

தொழிலுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாதவர்களுக்கு ஸ்ப்ளிட்டைவிடப் பெரிய விஷயம் புரோக்கர், அதாவது ஏஜென்ட்டுகளுக்குச் சட்டப்படி பொறுப்பானவர். டெக்சாஸில் சேல்ஸ் ஏஜென்ட் தனியாக இயங்க முடியாது. ஸ்பான்சர் செய்யும் புரோக்கரின் கீழ்தான் லைசென்ஸ் உயிரோடு இருக்கும். வாங்குபவர் எந்தக் காரணத்துக்காகவும் விலகலாம் என்ற ஆப்ஷன் பீரியட் முடியும் நாளில், விலகுவதாக இருந்தால் மாலை 5 மணிக்குள் நோட்டீஸ் போயாக வேண்டும். அப்படி ஒரு நாள், வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் ஃபவுண்டேஷன் விரிசல் என்று வந்திருக்கிறது. விற்பவர் ரிப்பேருக்கு ஒப்புக்கொள்கிறேன் என்று வாயால் சொல்கிறார், அமெண்ட்மென்ட்டில் (ஒப்பந்தத் திருத்தம்) கையெழுத்து இன்னும் போடவில்லை. ஐந்து மணி தாண்டினால் கஸ்டமர் விலகும் உரிமையை இழக்கிறார். அதன் பிறகு விலகினால் எர்னஸ்ட் மணி (முன்பணம்) போகலாம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் போனை எடுத்து என்ன செய்வது என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? இதைச் சோதிக்க வழி இருக்கிறது. சேரும் முன் ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அந்தக் கம்பெனி புரோக்கரையே கூப்பிட்டு, தேர்ட் பார்ட்டி ஃபைனான்சிங் அடெண்டத்தில் (லோன் எடுத்து வாங்கும்போது ஒப்பந்தத்தோடு சேர்க்கும் படிவம்) லோன் அப்ரூவல் கெடுவைப் பற்றி ஒரு சந்தேகம் கேளுங்கள். எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது, பதில் சொல்பவர் புரோக்கரா, ரெக்ரூட்டரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். ஒரே புரோக்கர் எத்தனை ஏஜென்ட்டுகளுக்குப் பொறுப்பு என்றும் கேளுங்கள்.

இருக்கிற இடத்தில் ஸ்ப்ளிட் மட்டும்தான் குறை என்றால், முதலில் இருக்கிற புரோக்கரிடமே அந்த ஷீட்டை வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. 80/20 ஆக்குங்கள், அல்லது ஒரு கேப் வையுங்கள் என்று கேட்கலாம். ஒழுங்காக குளோசிங் கொண்டுவருபவரைச் சும்மா விட புரோக்கருக்கும் மனசு வராது. மாறாக, போன் எடுக்காத புரோக்கர், குளோசிங் முடிந்தும் வாரக்கணக்கில் செக் தராத ஆபீஸ், ஃபைலைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடும் மேனேஜர் என்றால் பேரம் பேச வேண்டாம், கிளம்புங்கள். கம்பெனியின் சொந்த டைட்டில் ஆபீஸுக்கும் (பத்திரத்தைச் சரிபார்த்து குளோசிங் நடத்தும் இடம்) லோன் ஆபீஸுக்கும்தான் கஸ்டமரை அனுப்ப வேண்டும் என்று நெருக்கினாலும் அப்படியே. 1974-ல் வந்த ரெஸ்பா சட்டம் கஸ்டமரை அனுப்புவதற்காகப் பணமோ பரிசோ கைமாறுவதைத் தடுக்கிறது. மாட்டினால் உங்கள் லைசென்ஸும் சேர்ந்து மாட்டும்.

கிளம்புவது என்று முடிவானால் முதலில் படிக்க வேண்டியது இப்போதைய கம்பெனியில் நீங்கள் கையெழுத்துப் போட்ட இண்டிபென்டன்ட் கான்ட்ராக்டர் அக்ரிமென்ட். புதுக் கம்பெனியின் பிரசுரம் அப்புறம். அக்ரிமென்ட்டில் விலகல் பற்றிய பத்தியைத் தேடிப் பிடியுங்கள். காண்ட்ராக்ட் போட்டு இன்னும் குளோஸ் ஆகாத வீடுகளுக்கு, நீங்கள் போன பிறகு 70-க்குப் பதில் 50 சதவீதம்தான் என்று எழுதியிருக்கலாம். மூன்று வீடு பெண்டிங்கில் இருந்தால், வீட்டுக்கு 8,750 கணக்கில் அந்த ஒரு வரிக்கு விலை 5,250 டாலர். அவை குளோஸ் ஆகும் வரை பொறுப்பது பெரும்பாலும் நல்லது. அந்தக் கமிஷன் எப்படியும் பழைய புரோக்கர் வழியாகத்தான் வரும். எந்த புரோக்கரின் கீழ் இருக்கும்போது சம்பாதித்தீர்களோ, அவர்தான் தர முடியும் என்பது டெக்சாஸ் சட்டம். டைட்டில் கம்பெனி புதுக் கம்பெனி பெயரில் செக் போடாது.

பலரும் தடுக்கி விழும் இடம் லிஸ்டிங், அதாவது விற்றுத் தர ஒப்புக்கொண்ட வீடு. வீட்டுக்காரர் உங்களை நம்பித்தான் கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் லிஸ்டிங் அக்ரிமென்ட் வீட்டுக்காரருக்கும் புரோக்கருக்கும் இடையில்தான். புரோக்கர் விடுவித்தால் எடுத்துப் போகலாம். விடுவிக்காவிட்டால் வேறு ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட அவருக்கு உரிமை உண்டு. வாங்குபவர்கள் பக்கமும் இப்போது அப்படித்தான். தேசிய ரியல்டர்ஸ் சங்கத்தின் செட்டில்மென்ட்படி 2024 ஆகஸ்ட் 17 முதல் வீடு காட்டும் முன் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அதுவும் புரோக்கருடன் போடும் ஒப்பந்தமே. முன்பெல்லாம் வாங்குபவர் வாய்ப்பேச்சில் கூடவே வந்துவிடுவார். இப்போது அவருக்கும் புரோக்கரின் ரிலீஸ் (விடுவிப்பு) தேவை. கம்பெனி மாறும் முன்பே கஸ்டமரிடம் "பழைய ஒப்பந்தத்தை முறியுங்கள், நான் அங்கே போகிறேன்" என்று சொல்லிவைப்பது ரியல்டர் நெறிமுறையின் 16-வது பிரிவில் சிக்கவைக்கும். முதலில் புரோக்கரிடம் எழுத்தில் ரிலீஸ் கேளுங்கள். எந்த லிஸ்டிங், எந்த வாங்குபவர் என்று பட்டியலோடு போனால் பலரும் ஒப்புக்கொள்வார்கள். சிலர் 25 சதவீத ரெஃபரல் (கஸ்டமரை விட்டுக்கொடுப்பதற்குக் கமிஷனில் பங்கு) கேட்பார்கள். சண்டை போட்டு இழப்பதைவிட அது மேல்.

அதே அக்ரிமென்ட்டில் இன்ஷூரன்ஸ் பற்றிய வரியையும் பாருங்கள். இ அண்ட் ஓ பாலிசிகள் (தொழிலில் செய்யும் தவறுகளுக்கான இன்ஷூரன்ஸ்) பெரும்பாலும் க்ளெய்ம்ஸ்-மேட் வகை. தவறு நடந்த நாளில் பாலிசி இருந்தது என்பது போதாது, புகார் வரும் நாளிலும் இருக்க வேண்டும். நீங்கள் விலகிய பின் பழைய வீட்டைப் பற்றி வழக்கு வந்தால் பழைய கம்பெனி பாலிசி உங்களைக் காக்குமா, புதுக் கம்பெனி பாலிசி முந்தைய காலத்துக்கும் போகுமா என்று இரண்டு பக்கமும் எழுத்தில் பதில் வாங்குங்கள். இரண்டும் இல்லை என்றால் டெயில் கவரேஜ் (விலகிய பின் வரும் புகாருக்கான நீட்டிப்பு) விலை கேளுங்கள்.

மாறும் நாளைக் குறிப்பதற்கு கேப் வருடம்தான் (கேப் கணக்கிடும் 12 மாதம்) பஞ்சாங்கம். உங்கள் கேப் வருடம் அக்டோபர் 1-ல் தொடங்குகிறது, ஜூனில் கேப் அடித்துவிட்டீர்கள் என்றால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதமும் ஸ்ப்ளிட் இல்லாத மாதங்கள். ஜூலையில் மாறினால் அதை விட்டுக்கொடுத்துவிட்டு, புது இடத்தில் முதல் டாலரில் இருந்து மறுபடி 20 சதவீதம் கட்டத் தொடங்குவீர்கள். செப்டம்பர் கடைசியில் மாறுங்கள்.

ராஜினாமா மெயில் அனுப்பும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஜில்லோ, கூகுள் பிசினஸ், ஃபேஸ்புக் பக்கம் இவற்றின் லாகின் கம்பெனி மெயில் ஐடியில் இருந்தால் சொந்த ஐடிக்கு மாற்றிவிடுங்கள். கம்பெனி மெயிலை அன்றைக்கே மூடிவிடுவார்கள். பாஸ்வேர்ட் ரீசெட் லிங்க் போகும் இடம் இல்லாமல், வருடக்கணக்கில் சேர்ந்த ரிவ்யூக்கள் இருக்கும் பக்கத்துக்குள் நுழைய முடியாமல் போகும். கம்பெனி தந்த சிஆர்எம்மில் (கஸ்டமர் விவரங்கள் வைக்கும் சாஃப்ட்வேர்) இருக்கும் பெயர்களை எடுத்துப் போகலாமா என்பது அக்ரிமென்ட்டைப் பொறுத்தது. கம்பெனி லீட்களைத் தொடாதீர்கள், உங்கள் நண்பர்கள், உறவினர், பழைய கஸ்டமர்களை எப்போதும் தனி ஷீட்டிலும் வைத்திருங்கள்.

லைசென்ஸ் மாற்றம் டிரெக்கில் (டெக்சாஸ் ரியல் எஸ்டேட் கமிஷன்) ஆன்லைனிலேயே முடிந்துவிடும். பழைய ஸ்பான்சர்ஷிப் முடிந்து புது புரோக்கர் ஏற்கும் வரை லைசென்ஸ் இன்ஆக்டிவ். அந்த இடைவெளியில் வீடு காட்டவும் கூடாது, ஆஃபர் எழுதவும் கூடாது. எனவே புது புரோக்கர் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். அடுத்து எம்எல்எஸ் (ஏஜென்ட்டுகள் லிஸ்டிங்குகளைப் பகிரும் தளம்): டாலஸ் பக்கம் என்டிரீஸ், ஹூஸ்டனில் ஹெச்ஏஆர். அங்கே மாற்றம் பதிவாகும் வரை லாக்பாக்ஸ் (வீட்டுச் சாவி வைக்கும் பெட்டி) திறக்கும் சுப்ரா ஆப் வேலை செய்யாமல் போகலாம், அன்றைக்கு ஷோயிங் வைக்காதீர்கள். போர்டு, கார்டு, வெப்சைட் எல்லாவற்றிலும் புது புரோக்கர் பெயர் வர வேண்டும். உங்கள் தொடர்பு விவரத்தில் மிகப் பெரிய எழுத்து எந்த அளவோ, அதில் பாதியாவது புரோக்கர் பெயர் இருக்க வேண்டும் என்பது டிரெக் விதி. வெப்சைட்டில் இருக்கும் ஐஏபிஎஸ் படிவத்தில் (புரோக்கர் சேவைகள் பற்றிக் கஸ்டமருக்குத் தரும் தகவல் படிவம்) பழைய புரோக்கரின் லைசென்ஸ் எண் அப்படியே கிடப்பதுதான் அதிகம் பேர் மறப்பது. புதுப் படிவத்தை அன்றே ஏற்றுங்கள்.

அந்த வருடத்துக்கு இரண்டு கம்பெனியில் இருந்தும் தனித்தனி 1099 படிவம் (வருமான வரிக்கான படிவம்) வரும். பழைய ஆபீஸில் உங்கள் வீட்டு விலாசம் சரியாக இருக்கிறதா என்று கிளம்பும்போதே பார்த்துவிடுங்கள்.