பிறவி இதயக் குறை உள்ள பெரியவர்களுக்கு என்டி-ப்ரோபிஎன்பி: ரத்தம் கொடுப்பதிலிருந்து ரிப்போர்ட் படிப்பது வரை

சிறுவயதில் ஃபேலோ (நான்கு குறைகள் சேர்ந்த பிறவி இதயக் கோளாறு) அறுவை முடிந்து முப்பதைத் தாண்டியவர்களின் ஆண்டுப் பரிசோதனைச் சீட்டில் எக்கோ, ஈசிஜியோடு என்டி-ப்ரோபிஎன்பி என்ற இந்த ரத்தப் பரிசோதனையும் இருக்கும். இதயத் தசை இழுபட்டால் சுரக்கும் புரதத் துண்டு இது. எக்கோவில் மாற்றம் தெரியும் முன்பே சில சமயம் இது ஏறிவிடும்.

டிரெட்மில் அன்றே இருந்தால் ரத்தத்தை முதலில் கொடுத்துவிடுங்கள். கடும் உழைப்புக்குப் பின் அளவு கூடும். வெறும் வயிறு தேவையில்லை. உதடும் நகமும் நீலம் பாரித்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருப்பது ஆபத்து, ரத்தம் மேலும் கெட்டியாகும்.

சீட்டில் 'பிஎன்பி' என்றா 'என்டி-ப்ரோபிஎன்பி' என்றா இருக்கிறது என்று பாருங்கள்; இரண்டும் ஒரே புரதத்திலிருந்து பிரியும் துண்டுகள். பிஎன்பிக்கு ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) உள்ள பிளாஸ்டிக் ட்யூப் வேண்டும், சில மணி நேரத்தில் அது சிதையத் தொடங்கும். மாதிரியை வேறு ஊர் லேபுக்கு அனுப்புவதானால் என்டி-ப்ரோபிஎன்பிதான் நம்பகமானது. இதயச் செயலிழப்புக்கான சாக்குபிட்ரில் மருந்து கலந்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் அதுவே சரி, அந்த மருந்து பிஎன்பியை உயர்த்திவிடும்.

நீலம் பாரித்தவர்களுக்குப் பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 60, 65 என்று இருக்கும். 3 மில்லி எடுத்தாலும் பிளாஸ்மா (அணுக்கள் நீங்கிய ரத்தத் திரவம்) 1 மில்லி அளவுக்குத்தான் தேறும். 'மாதிரி போதவில்லை' என்று திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான். முதலிலேயே இரண்டு ட்யூப் எடுக்கச் சொல்லுங்கள்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அதே ஊசியில் ஐஎன்ஆருக்கும் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் எண்) எடுப்பார்கள். கவனம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். நீலமூடி ட்யூபில் 2.7 மில்லி ரத்தத்துக்கு உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 0.3 மில்லி இருக்கும். பிசிவி 55-ஐத் தாண்டினால் குறைந்துபோன பிளாஸ்மாவுக்கு அது அதிகம், ஐஎன்ஆர் பொய்யாக ஏறிக் காட்டும். அதை நம்பி வார்ஃபரினைக் குறைத்தால் ரத்தம் உறையும் அபாயம். பிசிவி 60 என்றால் சுமார் 0.2 மில்லி சிட்ரேட் போதும். பிசிவியை முன்கூட்டியே லேபுக்குச் சொல்லித் தனி ட்யூப் தயாரிக்கக் கேளுங்கள். வாசலில் நின்று கேட்டால் நடக்காது.

ரிப்போர்ட் வந்ததும் முதலில் அலகு. 1 பிகோமோல்/லிட்டர் என்பது சுமார் 8.46 பிகோகிராம்/மில்லி. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பிறவி இதயக் குறை உள்ள சுமார் 600 பெரியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 14 பிகோமோலை, அதாவது ஏறக்குறைய 118 பிகோகிராமை, எல்லையாக வைத்தது. அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் இறப்போ இதயச் செயலிழப்போ வரும் வாய்ப்பு மிகக் குறைவு.

மேலே இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். வயது, பெண்பால், சிறுநீரகக் குறைபாடு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறையின் ஒழுங்கற்ற துடிப்பு) எல்லாமே ஏற்றும். உடல் பருமன் இறக்கும். முடிக்காக அதிக அளவில் எடுக்கும் பயோட்டின் மாத்திரையும் சில கிட்களில் (லேப் பயன்படுத்தும் பரிசோதனைத் தொகுப்பு) பொய்யாக இறக்கிக் காட்டும், அதை இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். எங்கள் கருத்தில் ஊரார் எல்லையைவிட உங்கள் பழைய எண்ணே முக்கியம். உடம்பு நன்றாக இருக்கும்போது ஒரு முறை எடுத்து வைத்து, பிறகு அதே லேபில், அதே கிட்டில் ஒப்பிடுங்கள். 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால் மருத்துவரிடம் கேட்க வேண்டியதுதான்.

ஃபான்டன் அறுவை (ஒரே கீழறை மட்டும் வேலை செய்யும் இதயத்தில், உடம்பின் ரத்தத்தை நேரே நுரையீரலுக்குத் திருப்பும் அறுவை) செய்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. கால் வீங்கி வயிறு உப்பும்போதும் எண் குறைவாகவே இருக்கலாம். அவர்கள் ரத்தத்தில் அல்புமின் என்ற புரதமும் மலத்தில் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதமும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். குடல் வழியே புரதம் கசிவது அங்கேதான் தெரியும்.