கூஃபி மாடியில் நிறுத்திய கார்

ஃப்ரீமாண்டிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ஆறு மணி நேரம் என்றார் அத்தான். 2019 மே மாதக் கடைசி, மெமோரியல் டே நீண்ட விடுமுறை. எட்டரை மணி நேரம் ஆனது. ஐந்தாம் நம்பர் நெடுஞ்சாலையில் பார்க்கிறதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. பாதாம் தோப்பு, அது முடிந்தால் இன்னொரு பாதாம் தோப்பு. கோலிங்கா பக்கம் மாடுகளைக் கூட்டங்கூட்டமாக அடைத்து வைத்திருக்கும் பண்ணை ஒன்று வரும். பண்ணை கண்ணில் படும் முன்பே, ஏற்றி விட்ட கார் கண்ணாடியையும் மீறி வாடை உள்ளே வந்துவிட்டது. அக்கா மகள் யாழினி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அம்மா மட்டும், "வந்து மூணு மாசத்துல இன்னிக்குத்தான் ஊர் வாசனை அடிக்குது" என்றாள்.

மலையிறங்கி வாலென்சியா நெருங்கும்போது வலது பக்கம் ரோலர் கோஸ்டர் தண்டவாளங்கள் வானத்தில் சுருள் சுருளாகத் தெரிந்தன. சிக்ஸ் ஃப்ளாக்ஸ் மேஜிக் மவுண்டன். "அத்தான், ஓரங்கட்டுங்க, ஒரே ஒரு போட்டோ" என்றேன். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிற சாலையில் ஓரங்கட்டச் சொன்ன மச்சினனை அவர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

நான் கேட்டதற்குக் காரணம் இருந்தது. 1983-இல் ஹரால்ட் ராமிஸ் இயக்கி, செவி சேஸ் நடித்த ஒரு நகைச்சுவைப் படம், நேஷனல் லாம்பூன்ஸ் வெக்கேஷன். சிகாகோ பக்கத்துக் குடும்பம் ஒன்று காரை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் குறுக்கே வாலி வேர்ல்ட் என்ற பூங்காவுக்குப் புறப்படும். வழியெல்லாம் அடி. கூட வந்த கிழவி செத்துப் போய், உடலைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு போவார்கள். கடைசியில் வாசலுக்குப் போனால் பூங்கா பராமரிப்புக்காக மூடியிருக்கும். குடும்பத்தைப் பற்றிய படம்தான், குடும்பத்தோடு பார்க்கிற படம் இல்லை. திரைக்கதை எழுதிய ஜான் ஹியூஸ் முதலில் இதைச் சிறுகதையாக எழுதியபோது அந்தக் குடும்பம் போனது நேராக டிஸ்னிலேண்டுக்கே. படத்தில் அது வாலி வேர்ல்டாக மாறியது. அந்த வாலி வேர்ல்டைப் படம் பிடித்த இடம்தான் நான் ஓடும் காரிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மேஜிக் மவுண்டன். படத்தில் அப்பா துப்பாக்கியைக் காட்டிக் காவலாளியை மிரட்டி ஏறுகிற மரக் கோஸ்டரின் நிஜப் பெயர் கொலோசஸ். 2014-இல் அதை மூடி, இரும்புத் தண்டவாளம் போட்டு, அடுத்த வருடம் ட்விஸ்டட் கொலோசஸ் என்று திறந்தார்கள்.

இதையெல்லாம் காரில் சொல்லிக்கொண்டே வந்தேன். "மாமா, நீ அங்க போயிருக்கியா?" என்றாள் யாழினி. இல்லை. நான் டிவியில் போயிருக்கிறேன்.

என் தலைமுறையில் பலருக்கு இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் டக் டேல்ஸ் ஹிந்தியில் ஓடும். ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் வாத்துப் பையன்கள் மூன்று பேரையும் தெரியும். அப்புறம் கல்லூரி விடுதியில் ஸ்டார் வேர்ல்ட் வந்தது, சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் வந்தது. அந்த மஞ்சள் குடும்பம் எதையெல்லாம் கிண்டல் செய்கிறது என்பது எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. அசல் தெரியாமல் மிமிக்ரிக்குக் கை தட்டுகிற கூட்டம். ஒருவன் சிரித்தால் எல்லோரும் சிரிப்போம். கிண்டலை முதலில் பார்த்து, கிண்டல் செய்யப்பட்ட பொருளைப் பதினைந்து வருடம் கழித்துப் பார்க்கப் போனவனின் பயணம் இது.

ஞாயிற்றுக்கிழமை யுனிவர்சல் ஸ்டுடியோஸ். மலை மேல் ஒரு தளம், கீழே ஒரு தளம், நடுவில் இறங்கிக்கொண்டே இருக்கிற நகரும் படிகள். டிராமில் ஸ்டுடியோவைச் சுற்றிக் காட்டுவது 1964-இலிருந்து நடக்கிறது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் கால்கள் போனது ஸ்பிரிங்ஃபீல்டுக்கு. 2015-இல் சிம்ப்சன்ஸ் கார்ட்டூனில் வரும் ஊரை அப்படியே கட்டி வைத்துவிட்டார்கள். மோ-வின் மதுக்கடை, லார்ட் லேட் டோனட் கடை, க்விக்-இ-மார்ட் எல்லாம் இருந்தன. முகத்தை விடப் பெரிய ரோஸ் நிற டோனட் ஒன்று வாங்கினோம். அம்மா அதை ஒரு சுற்று திருப்பிப் பார்த்து, "ஓட்டை இருக்கிறதப் பார்த்து வடைன்னுல்லா நினைச்சேன்" என்று கீழே வைத்துவிட்டாள்.

க்விக்-இ-மார்ட் பலகையின் கீழ் நின்றபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது, மறைப்பானேன். அது அப்பு என்ற இந்தியக் கடைக்காரரின் கடை. சத்யஜித் ராயின் படங்களில் வரும் அப்புவின் பெயரை எடுத்து வைத்திருக்கிறார்கள். ராயின் சிறுவனுக்கும் இந்தக் கடைக்காரருக்கும் உள்ள தூரத்தை நினைத்தால் பெருமூச்சுதான் வரும். குரல் கொடுத்தவர் ஹேங்க் அசாரியா என்ற வெள்ளைக்கார நடிகர். விடுதியில் அந்த இழுவை ஆங்கிலத்துக்கு நாங்களே விழுந்து விழுந்து சிரித்தோம். அமெரிக்காவில் வளர்ந்த இந்தியப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அது எப்படி இருந்தது என்பதை ஹரி கொண்டபோலு 2017-இல் ஒரு ஆவணப்படமாகவே எடுத்தார். 2020 ஜனவரியில் அசாரியா இனி அந்தக் குரலைத் தருவதில்லை என்று அறிவித்தார். நாங்கள் போனபோது கடை அமோகமாக நடந்துகொண்டிருந்தது.

அந்தக் கடையில்தான் நான் தேடி வந்த சாமான் இருந்தது. 1994 அக்டோபரில் ஒளிபரப்பான எபிசோடில் சிம்ப்சன் குடும்பம் இட்சி அண்ட் ஸ்க்ராட்சி லேண்ட் என்ற பூங்காவுக்குப் போகும். டிஸ்னிலேண்டைப் பிரித்து மேய்கிற எபிசோட். பையன் பார்ட், பெயர் போட்ட குட்டி நம்பர் பிளேட்டுகள் தொங்கும் ஸ்டாண்டில் தன் பெயரைத் தேடுவான். பார்ட் இருக்காது, போர்ட் இருக்கும். போர்ட் என்று யாராவது பெயர் வைப்பார்களா என்று அவன் எரிச்சல்படும்போதே பின்னால் ஒரு அம்மா "வா போர்ட்" என்று பிள்ளையைக் கூப்பிடுவாள். கூடவே அங்கே நின்ற இன்னொரு ஆளும் திரும்பிப் பார்ப்பான், அவனும் போர்ட்.

நிஜக் கடையில் நிஜமாகவே போர்ட் நம்பர் பிளேட் விற்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டு கையில் எடுக்கும்போது யாழினி அடுத்த ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். விரலை வைத்து ஒய் வரிசையைத் தேடினாள். யோலண்டா இருந்தது, இவேட் இருந்தது. "யாழினி எப்பவுமே இருக்காது மாமா, நான் சும்மா பார்த்தேன்" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை எத்தனை கடைகளில் சும்மா பார்த்திருக்கிறாளோ. போர்ட் கதையை அவளுக்குச் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்து, "அப்ப அது என் பேர்தான்" என்று சொல்லி அந்தப் பிளேட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இப்போதும் அவள் சைக்கிளில் அதுதான் தொங்குகிறது.

ஸ்பிரிங்ஃபீல்டின் சிம்ப்சன்ஸ் சவாரியைச் சொல்லாமல் விட முடியாது. 2008-இல் திறந்தது. அதே இடத்தில் அதற்கு முன் இருந்தது பேக் டு த ஃபியூச்சர் சவாரி. அதையும் ஒரு கிண்டலாக்கி, அந்தப் படத்தின் டாக் பிரவுன் வேறு வழியில்லாமல் தன் ஆய்வுக்கூடத்தைச் சிம்ப்சன்ஸில் வரும் க்ரஸ்டி கோமாளிக்கு விற்றதாக வரிசையில் நிற்கும்போதே ஒரு காட்சி ஓடும். க்ரஸ்டியின் திறந்த வாய்க்குள் நுழைந்து போனால், க்ரஸ்டிலேண்ட் என்ற கேவலமான பூங்காவில் நம்மைத் தூக்கிப் போட்டு உலுக்குகிறார்கள். தரமில்லாத சவாரி, காசு பிடுங்கும் முதலாளி, முடியாத வரிசை என்று எல்லாவற்றையும் நக்கலடிக்கும் படத்தை, முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, காசு கொடுத்துப் பார்த்துவிட்டு, நேராகப் பொம்மைக் கடைக்குள் வெளியே வருகிறோம். இந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருந்தது. யாழினிக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தது.

இன்னொரு வேடிக்கை. 1998-இல் ஒரு சிம்ப்சன்ஸ் எபிசோடில், அதைத் தயாரிக்கும் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் பலகையின் கீழே "வால்ட் டிஸ்னி கம்பெனியின் ஒரு பிரிவு" என்று எழுதிப் போட்டார்கள். அப்போது அது வெறும் ஜோக். 2019 மார்ச் 20 அன்று டிஸ்னி அந்த நிறுவனத்தை நிஜமாகவே வாங்கி முடித்தது. அதாவது நாங்கள் போவதற்கு இரண்டு மாதம் முன்பு. டிஸ்னிக்குச் சொந்தமாகிவிட்ட கார்ட்டூனை வைத்து டிஸ்னியின் போட்டியாளர் பூங்கா நடத்திக்கொண்டிருந்தது. அத்தானிடம் சொன்னேன். "லைசென்ஸ் காண்ட்ராக்ட் இருக்கும்" என்றார். கம்ப்யூட்டர் ஆட்கள் எதற்கும் ஆச்சரியப்படுவதில்லை.

மறுநாள் அனஹைம். டிஸ்னிலேண்டின் அந்தப் பெரிய பார்க்கிங் கட்டடத்தில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பாத்திரத்தின் பெயர்: டெய்சி, டொனால்ட், கூஃபி, சிப் அண்ட் டேல், மின்னி, மிக்கி. சிம்ப்சன்ஸிலும் வண்டியை நிறுத்தியதும் "நாம் இட்சி பகுதியில் நிறுத்தியிருக்கிறோம், மறக்கக் கூடாது" என்று சொல்வார்கள். அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே இறங்கினேன். போட்டோ எடுக்கவில்லை.

தொலைக்காட்சி இந்த இடத்தைக் கிண்டல் செய்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஏனென்றால் இதைக் கட்டியதே தொலைக்காட்சிதான். ஆரஞ்சுத் தோப்பு நிலத்தை வாங்கிப் போட்ட வால்ட் டிஸ்னிக்குக் கையில் பணம் போதவில்லை. ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் 5 லட்சம் டாலர் போட்டு, 45 லட்சம் டாலர் கடனுக்கு உத்தரவாதமும் கொடுத்தது. பதிலுக்கு அவர் வாரா வாரம் ஒரு நிகழ்ச்சி தர வேண்டும். நிகழ்ச்சியின் பெயரே டிஸ்னிலேண்ட். 1954 அக்டோபரில் அது வீட்டுக்குள் வந்துவிட்டது. பூங்கா திறந்தது 1955 ஜூலை 17 அன்று, அதுவும் நேரடி ஒளிபரப்பில். தொகுத்து வழங்கிய மூவரில் ஒருவர் ரொனால்ட் ரீகன், பின்னாளில் ஜனாதிபதியானவரேதான். ஆக, நான் மட்டும் இல்லை, அந்த ஊர்க்காரர்களே முதலில் இதைப் பெட்டியில்தான் பார்த்தார்கள். இப்போது ஏபிசி டிஸ்னியின் கையில். அதனால் ஏபிசி குடும்பத் தொடர்களில் யாராவது அவ்வப்போது இங்கே வந்துவிடுவார்கள். மாடர்ன் ஃபேமிலிக்காரர்கள் 2012-இல் வந்தார்கள்.

அந்த எபிசோடில் ஜே என்ற பெரியவர், தன் முதல் கல்யாணம் ஆட்டம் கண்டிருந்த காலத்தில் இங்கே லிங்கன் அரங்கில் உட்கார்ந்துதான் பிள்ளைகளுக்காக வீட்டோடு இருப்பதென்று முடிவெடுத்ததாகச் சொல்வார். அதற்காகவே நான் அந்த அரங்கைத் தேடினேன். மெயின் ஸ்ட்ரீட்டில், வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வரிசை இல்லை. ஆபிரகாம் லிங்கன் பொம்மை நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பேசும். 1965-இல் இங்கே பேச ஆரம்பித்தவர். "மனுஷனா, பொம்மையா?" என்று அம்மா கேட்டாள். பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டாள். சுற்றிலும் பார்த்தேன். ஏசி குளிரில் தாத்தா பாட்டிகள் பாதிப்பேர் கண்ணை மூடியிருந்தார்கள். வாழ்க்கை முடிவுகள் எடுக்க நல்ல இடம்தான்.

மதியம் பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரை. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுகிறார்கள், அதற்கு ஒரு கும்பிடு. ஒரு நாள் டிக்கெட் 104 டாலரிலிருந்து 149 டாலர் வரை வைத்திருந்த காலம். ஸ்டார் வார்ஸ் பகுதி திறக்க இன்னும் நாலு நாள் இருந்தது. யாழினிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

பிறகு ஸ்மால் வேர்ல்ட் படகு. உலகத்துக் குழந்தைப் பொம்மைகள் எல்லாம் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடும். படகு முதல் வளைவு திரும்பியதுமே எனக்குச் சிரிப்பு பீறிட்டது. 1993-இல் வந்த சிம்ப்சன்ஸ் எபிசோடில் டஃப் கார்டன்ஸ் என்று ஒரு பீர் கம்பெனியின் பூங்கா. அதில் இதே படகு, இதே மாதிரிப் பொம்மைகள், பாடுவது மட்டும் பீர் பாட்டு. சிம்ப்சன் வீட்டுப் பெண் லிசா படகிலிருந்து தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டுப் புத்தி பேதலித்துப் போவாள். விடுதியில் அதை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! கிண்டல் என்று தெரியாமலே மனப்பாடம். இப்போது அசல் பொம்மைகள் தலையாட்டப் பாட்டு ஓடுகிறது, என் மண்டைக்குள் பீர் பாட்டு ஓடுகிறது. தாஜ்மகால் பக்கம் வந்ததும் அம்மா எல்லோருக்கும் கை காட்டினாள். "எதுக்குடா லூசு மாதிரி சிரிக்க?" என்றாள் அக்கா. சொன்னால் புரியாது, சொல்லவும் இல்லை. யாழினி குனிந்து தண்ணீரில் விரலை நனைத்தாள். "குடிச்சிராத" என்றேன் பதறி.

ஊருக்குத் திரும்பின பிறகு அந்தச் செப்டம்பரில் த கோல்ட்பெர்க்ஸ் தொடரில் ஒரு குடும்பம் டிஸ்னிலேண்டுக்குக் காரில் புறப்பட்டது, அதே பழைய வெக்கேஷன் படத்தை நினைவூட்டும் பயணம். படத்தில் மகனாக நடித்த சிறுவன் ஆந்தனி மைக்கேல் ஹால் இதில் காவலாளி வேஷத்தில் வந்தார். அக்காவுக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாக விளக்கினேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

ஆனால் டிஸ்னிலேண்டில் அன்றிரவு நடந்தது வேறு. வாணவேடிக்கை முடிந்து டிராமில் வந்து இறங்கினால், எந்த மாடி என்று யாருக்கும் நினைவில்லை. அத்தான் டொனால்ட் என்றார், யாழினி மின்னி என்றாள். நான், இட்சி என்பதைத் தவிர எதுவும் ஞாபகம் வராமல் நின்றேன். இரண்டு மாடி ஏறி இறங்கியாகிவிட்டது. அக்கா சாவியை அமுக்கி அமுக்கி எங்காவது ஹாரன் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தாள்.

அம்மா தூணில் சாய்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அந்த நீளக் காது நாய் படம் போட்ட மாடிலா" என்றாள். "காலையிலேயே பார்த்தேன். தொப்பி வச்சிருந்துது."