பதினொரு மீற்றர் காற்று

கொழும்பில் ஒருவன் டேப்போடு ஒழுங்கைக்குள் நின்றால் சும்மா நிற்கிறான் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஒன்று றோட் அகலப்படுத்த வந்தவன், இல்லாவிட்டால் பக்கத்து வளவில் தொடர்மாடி எழுப்ப வந்தவன். வெள்ளவத்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் நாலு பேரும் மாட்டுப்பட்டது இப்படித்தான்.

விசயம் இதுதான். பென்ஷன் எடுத்த சர்வேயர் மாமாவுக்கு உயரமான மரங்களில் ஒரு பைத்தியம். அது மெல்ல மெல்ல எனக்கும், மேல்மாடி அண்ணாவுக்கும், வேலை தேடிக்கொண்டிருந்த தம்பிக்கும் தொற்றிவிட்டது. சிங்கராஜ வனத்துக்குப் போய் மரம் அளப்பதாக முடிவெடுத்தோம். போவதற்கு முதல் கருவியைச் சரிபார்க்க வேண்டும் என்றார் மாமா. கருவி என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். பள்ளிக்கூடப் பாகைமானி, அதில் ஒட்டிய ஜூஸ் குழாய், நடுவில் நூலில் தொங்கும் ஒரு நட்டு. குழாய்க்குள்ளால் உச்சியைப் பார்த்து, நூல் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதிலிருந்து ஏற்றக்கோணத்தை எடுக்கலாம். சாதாரண தரத்தில் திரிகோண கணிதத்துக்குப் பயந்து ஒளித்த நான், நாற்பத்தைந்து வயதில் றோட்டில் நின்று தான்சன் (tan) போடுகிறேன்.

கருவி சொல்லும் உயரத்தோடு ஒப்பிட, எங்கள் தொடர்மாடியின் மொட்டை மாடியிலிருந்து தம்பி நூலில் கல்லைக் கட்டி இறக்க, கீழே நான் பிடிக்க, அண்ணா எழுத, எதிர்வீட்டு அன்ரி கேற்றைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்ன தம்பி அளக்கிறீங்கள்? எங்கட மதிலையும் உடைக்கப் போறாங்களோ?"

"இல்லை அன்ரி, மரம் அளக்கப் பழகுறம்."

அன்ரி எங்கள் ஒழுங்கையை மேலும் கீழும் பார்த்தார். ஒரு முருங்கையைத் தவிர வேறு மரமே இல்லை. அவர் போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு காலத்தில் கொழும்பில் இப்படிக் குழாயால் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால், எங்களை அளக்க வேறு ஆட்கள் வந்திருப்பார்கள். அந்த வகையில் அன்ரி எவ்வளவோ மேல்.

அடுத்த கிழமை விகாரமகாதேவி பூங்கா. குடை மாதிரி விரிந்த ஒரு நிழல்வாகை. அடிமரத்திலிருந்து சரியாக 30 மீற்றர் தள்ளி நின்றேன். கோணம் 45 பாகை. தான்சன் 45 என்றால் 1, தூரத்தை அதால் பெருக்கக் கல்குலேட்டரும் தேவையில்லை. கண் உயரம் ஒன்றரையையும் கூட்டி 31.5 மீற்றர் என்று அறிவித்தேன். கைதட்டலும் கிடைத்தது. மாமா மட்டும் தட்டவில்லை.

"நீர் பாத்தது உச்சியை இல்லை. உம்மட பக்கம் நீட்டிக்கொண்டு நிக்கிற கொப்பை."

நான் பார்த்த கொப்பின் நுனிக்கு நேர் கீழே தம்பியை நிறுத்திவிட்டு அளந்தோம். அவன் நின்ற இடம் எனக்கு 19 மீற்றர்தான். அப்படியென்றால் அந்த நுனியின் உயரம் 20.5. மிச்சம் 11 மீற்றரும் வெறும் காற்று. மூன்று மாடிக்கு மேல் வரும்! விரிந்த மரங்களில் தான்சன் கணக்கு இப்படித்தான் ஆளை ஏமாற்றும். உச்சி அடிமரத்துக்கு நேர் மேலே இருக்கிறது என்று அது தானாகவே நம்பிக்கொள்ளும். அதனால் காட்டுக்கு அண்ணாவின் முதலாளி கோல்ஃப் விளையாட வைத்திருந்த லேசர் தூரமானியை இரவல் வாங்கினோம். உச்சிக்குள்ள நேர்த்தூரத்தை அதிலேயே எடுத்து ஏற்றக்கோணத்தின் சைனால் (sin) பெருக்கினால், கொப்பு எந்தப் பக்கம் நீட்டினாலும் கவலையில்லை.

கவலை வேறு வழியில் வந்தது. சிங்கராஜவுக்குள் நுழைந்து அரை மணித்தியாலத்தில் மழை பிடித்தது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த காடு. மழையும் அந்தத் தகுதிக்கு ஏற்ற மாதிரியே பெய்தது. லேசர் கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்து உச்சியைக் குறிவைத்தால் 9 மீற்றர் என்றது. நடுவில் தொங்கிய ஒரு கொடியின் இலை. இன்னொரு தரம், 11. அது வேறு இலை. உச்சி தெரிகிற ஒரு இடைவெளி தேடி, வழிகாட்டியின் பின்னால் வழுக்கி வழுக்கி நாலு தரம் இடம் மாறினோம்.

கடைசியில், சிங்களத்தில் ஹொர என்று சொல்லும் ஒரு காட்டு மரம் முழுசாகத் தெரிந்தது. கிளையே இல்லாமல் தூண் மாதிரி எழும்பி, மேலே போய்த்தான் தலை விரித்திருந்தது. "ஐம்பதுக்குக் குறையாது" என்றான் தம்பி. உச்சிக்கு 38 மீற்றர், 62 பாகை. அடி எங்கள் கண்மட்டத்துக்கு இரண்டு மீற்றர் கீழே. எல்லாம் கூட்டி 35.6. தம்பியின் முகம் ஆருக்கோ ரிசல்ட் வந்த மாதிரி வாடிவிட்டது. அடிமரத் தூரத்தை வைத்துத் தான்சனில் போட்டால் 39.5 வருமே, அதையே எழுதலாம் என்று கெஞ்சினான்.

மாமா ஆறுதலாகக் கதை சொன்னார். ஹொரவின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் ஒன்று மலேசியாவின் சபாவில், டானம் பள்ளத்தாக்கில் நிற்கிறது. 2019இல் ஒரு ஆள் உச்சி வரை ஏறி நாடாவைத் தொங்கவிட்டு 100.8 மீற்றர் என்று அளந்தார். "ஏறி அளந்தால் வாதமே இல்லை" என்று சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். தம்பி குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான். அப்போதுதான் அட்டைகளைக் கண்டோம். சவர்க்காரம் பூசிக்கொண்டு வந்ததெல்லாம் மழையில் கரைந்துபோயிருந்தது.

இரவு பத்தரைக்கு வெள்ளவத்தையில் இறங்கினோம். அன்ரி கேற்றடியில் நின்றார். மாமா காலுறையைக் கழற்ற, கடைசி அட்டை படியில் விழுந்தது. பழக்கதோசத்தில் டேப்பை எடுத்து அளந்தார்.

"இரண்டு சென்ரிமீற்றர்."

அட்டை நீண்டது.

"ஐந்து" என்றான் தம்பி. "மாமா, ஐந்தை எழுதுங்கோ."