வேர் வெளுத்த பின் தண்ணீர்

சேலத்தில் அம்மா வளர்த்த ஆர்க்கிடுகளுக்குத் தேங்காய் மட்டைத் துண்டும் மரக்கரியும் உடைந்த செங்கலும்தான் ஆதாரம். காலைதோறும் அவர் தெளிக்கும் தண்ணீரை வெயிலும் காற்றும் நண்பகலுக்குள் உலர்த்திவிடும். அதே பழக்கத்தில், டொரன்டோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் கடையில் வாங்கிய ஃபலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் செடிக்கும் நாள்தோறும் தண்ணீர் ஊற்றினேன்.

மார்ச் மாதத்தில் இலைகள் துவண்டன. தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றினேன். பிறகு செடியை வெளியே எடுத்துப் பார்த்தால், வேர்களுக்கு நடுவே இறுக்கித் திணித்திருந்த ஸ்பாக்னம் பாசி, மேற்புறம் காய்ந்திருந்தும் உள்ளே பிழிந்தால் நீர் சொட்டும் நிலையில் இருந்தது. ஒரு வேரைப் பிடித்து மெல்ல இழுத்தேன்; பழுப்பேறிய மேலுறை கையோடு கழன்று வர, நூல் போன்ற நரம்பு மட்டும் எஞ்சியது. அழுகிய வேர் நீரை உறிஞ்சாததால், அத்தனை ஈரத்தின் நடுவிலும் இலைகள் வாடியிருக்கின்றன.

ஏற்காட்டு மரக்கிளைகளில் பார்த்த ஆர்க்கிடுகளைப் போலவே, தென்கிழக்காசியக் காடுகளுக்கு உரிய இச்செடியும் மரத்தைப் பற்றி வாழும் தொற்றுத் தாவரம். வேரைப் போர்த்தியிருக்கும் வெலமன் என்ற பஞ்சு போன்ற உறை மழைநீரை விரைந்து உறிஞ்சும். அதன்பின் அதற்குக் காற்று வேண்டும்.

அழுகியவற்றை வெட்டி நீக்கி, ஒன்றிரண்டு செ.மீ. அளவுள்ள மரப்பட்டைத் துண்டுகளோடு சிறிது மரக்கரி கலந்து, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் தொட்டியில் நட்டேன். பாசியைக் குறை சொல்ல மாட்டேன். ஹீட்டர் காற்று வறட்டும் வீட்டில், தண்ணீர் ஊற்ற மறப்பவர்களுக்குத் தளர்வாக நிரப்பிய பாசியே ஏற்றது. அடிக்கடி ஊற்றும் என் கைக்குப் பட்டைதான் சரி. ஆனால் பட்டை மக்கி இறுகிவிடும் என்பதால், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூ முடிந்ததும் மாற்றிவிடுகிறேன்.

ஈரமான வேர் பச்சையாகவும் உலர்ந்த வேர் வெள்ளி நிறத்திலும் தொட்டிச் சுவர் வழியே தெரியும். வெள்ளியான பிறகே, அறைச் சூட்டுக்கு வந்த நீரைக் காலையில் தாராளமாக ஊற்றி முழுவதும் வடியவிடுகிறேன்; ஜனவரிக் குழாய்நீரின் குளிர்ச்சி வேருக்கு ஆகாது. குருத்தில் தேங்கும் நீரைத் துணியால் ஒற்றி எடுக்காவிட்டால் அங்கேயே அழுகல் தொடங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் தொட்டியைக் கேமராவுக்கு நேரே திருப்பிக் காட்டுவேன். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னும் பச்சையாதான் இருக்கு, புதன்கிழமை பாரு" என்பார்.